பொழியூரில் பந்தாட்டம் கண்டோம்

திருவனந்தபுரம் ஜில்லாவில் வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களுக்கு யாத்திரை என்றால் கன்னியாகுமரி, சுசீந்திரம், திருவட்டாறு, பத்மநாபபுரம் அரண்மனை ஆகிய நான்கைந்து இடங்களோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவ்விடங்களையே மீண்டும் ஒருமுறை சுற்றிக்காட்டி அனுப்புகிறோம். இம்மாதம் நாம் எழுதப் புகுந்த ஊரில் கோபுரமும் இல்லை, அரண்மனையும் இல்லை. கடலும், மாதாகோயிலும், வலை உலர்த்தும் மணலும், அம்மணலில் காலை மாலை இரு வேளையும் உருளும் ஒரு பந்தும் உண்டு. அவ்வூரின் பெயர் பொழியூர். கேரளக் கடற்கரையின் தென்கோடி ஊர் அது.

நாம் வசிக்கும் ஒற்றசேகரமங்கலம் மலையடிவாரத்தைச் சார்ந்தது. ரப்பரும் மரச்சீனியும் பயிராகும் பூமி. கிழக்கே அகத்தியமலைத் தொடரில் பிறந்து, 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணையில் தேங்கி, பின் இறங்கிவரும் நெய்யாறு நம் வட்டாரத்து ஆறு. கேரளத்தின் ஆறுகளில் தெற்கே கடைசியாக உள்ளது இதுவே. மொத்தம் 56 கிலோமீட்டர் ஓடி, பூவாறு என்னுமிடத்தில் கடலில் கலக்கிறது. ஆறு கடலோடு சேரும் வாயைக் கரையோர மக்கள் ‘பொழி’ என்பர். மழைக்காலத்தில் மணல்திட்டு உடைந்து ஆறு கடலுக்குள் பாயும். வேனிலில் கடல் மணலைக் குவித்து வாயை மூடிவிடும். அந்தப் பொழிக்கு அடுத்த தெற்கு ஊர்தான் பொழியூர்.

நாம் அங்கே சென்றது ஊர் பார்ப்பதற்காக அன்று. நம் அடுத்த வீட்டில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பம் ஒன்று இருக்கிறது. அவர்களுடைய இரண்டாவது மகனுக்கு வயது பதினான்கு. பாடப் புத்தகத்தின் ஓரங்களில்கூடப் பந்து வரைகிற பிள்ளை. ஒருநாள் மாலை அவன் தந்தையார் நம் திண்ணைக்கு வந்து, “தம்பி, நீங்கள் ரெயில்வேயில் இருக்கிறவர். விளையாட்டுக்காரர்களுக்கு உங்கள் இலாகாவில் தனியாக வேலை கொடுக்கிறார்கள் என்று சொல்லுகிறார்களே, அது மெய்தானா? இவனுக்குப் படிப்பைவிடக் காலில்தான் புத்தி. இவனை இங்கேயே வைத்துக்கொள்ளலாமா, குழித்துறையில் இவன் ஆச்சி வீட்டில் விட்டுத் தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்க்கலாமா?” என்று கேட்டார்.

வேலை கொடுப்பது மெய்தான். தென்னக ரெயில்வே உட்பட எல்லா ரெயில்வேக்களும் விளையாட்டுக்காரர்களை எடுக்கின்றன. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் கடைநிலை வேலைகளுக்கு விண்ணப்பிக்கலாம். மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட நமக்கு அந்த விதிகள் நன்றாகவே பாடம். ஆனால் பந்து நன்றாக உதைப்பவன் என்று ஊரார் சொன்னால் இலாகா கேட்காது. எந்தப் போட்டியில், எந்த அணிக்காக ஆடினான் என்ற சான்றிதழைக் கேட்கும். அங்கேதான் அவர் கேட்ட கேள்வியின் முடிச்சு இருக்கிறது. பள்ளி விளையாட்டானால் பள்ளி எந்த மாநிலத்தில் உள்ளதோ அம்மாநிலத்துக்கே பையன் ஆடவேண்டும். கிளப் ஆட்டமானால், எந்த மாநிலச் சங்கத்தின் கீழுள்ள கிளப்பில் பெயர் பதிவாகிறதோ அதுவே அவனுக்கு வழி. குழித்துறைக்கும் பாறசாலைக்கும் இடையே ரெயில் ஓடும் நேரம் சில நிமிஷங்கள்தாம். ஆயினும் பையனின் பெயர் எந்தப் பக்கத்துப் பதிவேட்டில் ஏறுகிறது என்பது அவனுடைய பிற்கால ஜீவனத்தைத் தீர்மானிக்கக்கூடும். எனவே தந்தை, மகன், நாம் ஆக மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம்.

ஒற்றசேகரமங்கலத்திலிருந்து நெய்யாற்றின்கரை வரை ஒரு பஸ். அங்கிருந்து பூவாறு வழியாக மற்றொன்று. பூவாறில் உல்லாசப் படகுக்காரர்கள் கூவி அழைப்பார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். பொழியூருக்கென்று பயணம் செய்வோர் மீன்காரப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும்தாம். பஸ் நெருக்கமான வீடுகளுக்கிடையே வளைந்து வளைந்து செல்லும். திடீரென்று ஓரிடத்தில் வீடுகள் விலகி, கடல் கண்ணெதிரே நிற்கும்.

இக்கரையோரம் முக்குவர் குடிகள் நிறைந்தது. 1544-ஆம் ஆண்டில் புனித பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையில் ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்தது முதல் இங்குள்ள வாழ்வு கோயிலைச் சுற்றியே அமைந்துவிட்டது. மீன் ஏலம், திருவிழா, துக்கம், பந்தாட்டம் யாவும் கோயிலின் நிழலுக்கு எட்டும் தூரத்திலேயே நடக்கும். நாம் போய்ச் சேர்ந்தபோது பூசை முடிந்து அரைமணியும் ஆகியிருக்கவில்லை. அதற்குள் உடை மாற்றிக்கொண்டு முப்பது பிள்ளைகளுக்குக் குறையாமல் மணலில் இறங்கிவிட்டார்கள். கோல் கம்பத்துக்கு இரண்டு துடுப்புகள். பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை.

மணலில் ஓடிப் பார்த்தவர்களுக்கே அதன் கஷ்டம் தெரியும். பாதம் புதையும், பந்து நினைத்த திசையில் உருளாது. ஆதலால் பந்தைத் தரையில் விடாமல் காலிலும் தொடையிலும் ஏந்திக் கடத்தப் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். புல்தரைக்குப் போனதும் அதே கால்கள் பறக்கின்றன. கடற்கரைக் கால்பந்துக்கென்று தேசியப் போட்டி முதன்முதலாக 2023-இல் சூரத்தில் நடந்தபோது கேரளமே வென்றது. இறுதியாட்டத்தில் பஞ்சாபுக்கு எதிராக 13 கோல் போட்டார்கள். இம்மணலைக் கண்டபிறகு அச்செய்தி நமக்கு வியப்பாகத் தோன்றவில்லை.

பத்திரிகைகள் பொழியூரைச் ‘சந்தோஷ் கோப்பைக் கிராமம்’ என்று எழுதுகின்றன. சந்தோஷ் கோப்பை என்பது மாநிலங்களுக்கிடையே நடக்கும் தேசியப் பந்தயம். 1941-இல் வங்கத்துக் கால்பந்துச் சங்கத்தார் தொடங்கியது. சந்தோஷ் என்பது இப்போது வங்காளதேசத்தில் உள்ள ஓர் ஊர். அவ்வூர் மகாராஜா மன்மதநாத் ராய் சௌத்ரியின் நினைவாகக் கோப்பைக்கு அப்பெயர் வந்தது. கேரளம் இதை 1973 முதல் 2022 வரை ஏழு முறை வென்றிருக்கிறது. முதல் வெற்றி 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில். கேப்டன் மணி ஒருவரே மூன்று கோல்களையும் போட, கேரளம் 3-2 என்ற கணக்கில் வென்றது. அன்று தோற்ற அணி எது என்று கேட்காமலிருந்தால் நலம். கேட்டுவிட்டால், ரெயில்வே என்று நாம் தலை கவிழ்ந்து சொல்லத்தான் வேண்டும். 1960-களில் மூன்று முறை கோப்பையைக் கொண்டுவந்த இலாகா என்பதையும் உடன் சொல்லிக்கொள்கிறோம்.

கோப்பை ஆட்டக்காரர்கள் பலர் பெரிய நகரங்களிலிருந்தும் பள்ளிகளின் பசும்புல் மைதானங்களிலிருந்தும் வந்தவர்கள். பொழியூர் போன்ற ஒரு மீன்பிடி ஊரிலிருந்து வருஷந்தோறும் ஒருவரேனும் இருவரேனும் மாநில அணியின் வாயிற்படி வரை போகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் உள்ளூர் கிளப்பின் உழைப்பு இருக்கிறது. எஸ்.எம்.ஆர்.சி. என்ற எழுத்துகளால் அறியப்படும் கிளப் இங்கே பிள்ளைகளைச் சிறுவயதிலேயே சேர்த்துப் பழக்குகிறது. மணலில் ஆடியவர்களிடையே நாம் கேட்ட பேச்செல்லாம் சீசனைப் பற்றியே இருந்தது. எஸ். சீசன் இவ்வூர்ப் பிள்ளை. 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் வங்கத்துக்கு எதிரே நடந்த இறுதியாட்டம் 2-2 என்று சமமாக முடிந்து பெனால்டி உதைக்குப் போனது. கேரளத்துக்காகக் குறி தவறாமல் உதைத்த நால்வரில் சீசனும் ஒருவர். 4-2 என்று வென்று, பதினாலு வருஷத்துக்குப் பின் கோப்பை மீண்டும் வந்தது. அடுத்த ஆண்டு மாநில அணிக்குச் சீசனே கேப்டன்.

அந்த ஏப்ரல் மாதத்துக்கு நான்கு மாதம் முன்னர் இக்கரை எப்படி இருந்தது என்பதையும் வாசகர்கள் நினைவுகூர வேண்டும். 2017 நவம்பர் 29, 30 தேதிகளில் ஒக்கிப் புயல் அடித்தது. பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர், எல்லைக்கு அப்பால் தூத்தூர் வட்டாரம் எங்கும் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் வீடுகள் இருண்டு கிடந்தன. பந்து உதைப்பதைப் பல நாள் எவரும் நினைக்கவில்லை என்று வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கூறினார். இளமையில் அவரும் வலதுபுறம் ஆடியவராம். முழங்கால் போய்விட்டது, இப்போது பேரன் ஆடுகிறான். கல்கத்தா வெற்றிச் செய்தி வந்த இரவில் இங்கே வாணம் விட்டார்களா என்று கேட்டோம். “விட்டோம் சாரே. விட்டதுக்குப் பொறவு கொறே பேரு கரைஞ்சு” என்றார். அதற்குமேல் நாம் கேட்கவில்லை.

வெற்றிக்குப்பின் கேரள அமைச்சரவை ஆட்டக்காரர்களுக்குத் தலா இரண்டு லட்சம் ரூபாயும், நிரந்தர வேலை இல்லாத 11 பேருக்கு அரசாங்க வேலையும் தருவதாக முடிவு செய்தது. பாத்திரக் கடைக்காரர் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். தேசியக் கோப்பையை வென்ற அணியில் பதினோரு பேர் அதுவரை நிரந்தர வேலையின்றி இருந்தார்கள் என்பதையும் அவர் கவனிக்க வேண்டும் என்று நாம் எடுத்துரைத்தோம். பந்தாட்டத்தை நம்பிப் பிள்ளையை விடும் பெற்றோர் இரண்டு பக்கத்தையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஜெர்மனி தேசத்தில் சிற்றூர்க் கிளப்புகள் நடக்கும் விதத்தை இவ்விடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே ஏழு பேர் கூடினால் ஊர் நீதிமன்றத்தில் சங்கமாகப் பதிந்துகொள்ளலாம். மாணவனும் தச்சனும் மருத்துவரும் சந்தா கட்டி உறுப்பினராவர். 1900-இல் லைப்சிக் நகரில் தொடங்கிய தேசியச் சங்கத்தின் கீழ் இப்போது ஏறத்தாழ 24,000 கிளப்புகள் உள்ளன. அடிப்படியிலுள்ள கிராமக் கிளப்பும் ஆண்டுக்கு ஒரு படியாக மேலே ஏறலாம் என்பது ஏற்பாடு. ஆனால் அங்கும் மைதானத்தில் ஜெயித்தால் மட்டும் போதாது. கைசர்ஸ்லௌட்டர்ன் நகருக்கு அருகே ஆல்சன்போர்ன் என்றொரு கிராமம். 1954-இல் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் கேப்டன் ஃபிரிட்ஸ் வால்ட்டர் அங்கே குடியிருந்து அக்கிராமக் கிளப்புக்குக் கைகொடுத்தார். 1968, 1969, 1970 மூன்றாண்டுகளும் அக்கிளப் தன் பிராந்தியத்தில் முதலிடம் பெற்றது. மேற்பிரிவுக்குப் போகும் தேர்வாட்டங்களில் மூன்று முறையும் தவறியது. 1974-இல் இரண்டாம் தேசியப் பிரிவு ஏற்பட்டபோது ஆட்டக் கணக்கில் தகுதி பெற்றிருந்தும் உரிமம் மறுக்கப்பட்டது. அவ்விடம் சார்புருக்கன் நகரத்துக் கிளப்புக்குப் போயிற்று. அதன்பின் அக்கிராமக் கிளப் தலைதூக்கவேயில்லை. பதிவேடும் காகிதமும் பந்தைவிடக் கனமாகிவிடும் கதை எல்லாத் தேசத்திலும் உண்டு போலும்.

நம் கரையின் பதிவேடு 1956 நவம்பர் 1-ஆம் தேதி இரண்டானது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூரை விட்டுச் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தன. நேசமணி முதலியோர் நெய்யாற்றின்கரையையும் கேட்டார்கள். அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆதலால் பொழியூர் ஒரு மாநிலம், அடுத்த ஊராகிய நீரோடி மற்றொரு மாநிலம். நெய்யாற்றின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோட்டு வயல்களுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீர்கூட 2004-இல் நின்றது. எல்லையைப் பொருட்படுத்தாதவையும் சில உண்டு. திருவனந்தபுரம் லத்தீன் மேற்றிராசனம் தூத்தூர் வட்டாரப் பங்குகளையும் தன்னிடமே வைத்திருக்கிறது. 1979-இல் திருவனந்தபுரம் கன்னியாகுமரி ரெயில்பாதை திறக்கப்பட்ட ஆண்டிலேயே ஏற்பட்ட நம் கோட்டம் பாறசாலையையும் குழித்துறையையும் ஒரே பார்வையில் பார்க்கிறது. கடல் அரிப்பும் அப்படித்தான், எவரையும் கேளாமல் வருகிறது. 2021 மே மாதத்து டவ்தே புயலில் பொழியூரின் தெற்குக் கொல்லங்கோட்டில் பல வீடுகள் போயின. நீரோடிப் பக்கம் போட்ட கல்தடுப்புகளால்தான் அலை இங்கே திரும்புகிறது என்று இக்கரையார் முறையிடுகிறார்கள். முன்பு ஆட்டத்துக்கு இருந்த மணற்பரப்பில் எத்தனை பங்கு எஞ்சியிருக்கிறது என்று பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். அவர் சுட்டிய இடத்தில் தண்ணீர் இருந்தது.

பிற்பகல் நாம் எல்லையைத் தாண்டி நடந்தோம். தாண்டினோம் என்பதே ஒரு பேச்சுக்குத்தான். கடைப்பலகையில் எழுத்து மாறுகிறது, பஸ்ஸின் நிறம் மாறுகிறது. வலையும் கட்டுமரமும் பேச்சும் மாறவில்லை. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என எட்டு ஊர்கள் கைகோத்து நிற்கின்றன. ஆழ்கடலில் சுறாவேட்டைக்குப் பெயர் போனவர்கள் இவ்வூரார். வாரக்கணக்கில் கடலில் தங்குவர். கரைக்கு வந்தால் பந்து. பொழியூரில் கண்ட அதே ஆட்டத்தை இரவிபுத்தன்துறையில் மீண்டும் கண்டோம், சட்டையின் பின்புறத்து எழுத்து மட்டும் வேறு.

அவ்விரவிபுத்தன்துறைதான் மைக்கேல் சூசைராஜ் பிறந்த ஊர். சென்னை சிட்டி அணியில் பெயர் பெற்று, பின் ஜாம்ஷெட்பூருக்கும் கல்கத்தாவுக்கும் ஆடச் சென்று, 2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்திய தேசிய அணிச் சட்டையை அணிந்தவர். 2020 நவம்பரில் கோவாவில் கேரள பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த ஆண்டு முழுவதும் வெளியே இருந்தார். அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் பெரிய அணிகளில் ஆடியவரே. நம் தாயக மாநிலமாகிய தமிழ்நாடு சந்தோஷ் கோப்பையை ஒருமுறையும் வென்றதில்லை. 2012-இல் கட்டாக்கில் இறுதி வரை போய்ச் சர்வீசஸ் அணியிடம் 3-2 என்று தோற்றது. இந்த எட்டு ஊரையும் பொழியூரையும் ஒரே பதிவேட்டில் எழுதியிருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்குமோ என்று நமக்கு ஓர் ஆசை எழுந்தது. ஆசைக்கு வரி இல்லை.

பையனின் விஷயத்துக்கு வருவோம். இரு பக்கமும் விசாரித்ததில் நமக்குத் தெளிந்தது இது. கேரளத்தில் ஆண்டுக்கு 50 விளையாட்டுக்காரர்களுக்கு அரசாங்க வேலை என்ற ஏற்பாடு உண்டு. தமிழ்நாட்டில் அரசு வேலைகளில் நூற்றுக்கு மூன்று என்று ஒதுக்கீடு உண்டு. கேரள மாநில அணிக்குள் நுழைவது கடினம், மலப்புறமும் திருச்சூரும் கோழிக்கோடும் வரிசையில் முன்னே நிற்கின்றன. தமிழ்நாட்டு அணியில் இடம் எளிதாயிருக்கும் என்று பாத்திரக் கடைக்காரர் எண்ணியிருந்தார். இரவிபுத்தன்துறையில் அரைமணி நேரம் ஆட்டம் பார்த்தபின் அந்த எண்ணத்தை அவரே கைவிட்டார். குழித்துறை ஆச்சி வீட்டில் சோறும் அன்பும் குறைவின்றிக் கிடைக்கும். ஆனால் பத்தாம் வகுப்புக்கு ஒரு வருஷம் முன்னே பாடமொழியும் பாடத்திட்டமும் மாறினால் பையன் பரீட்சையில் தவறக்கூடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாவிட்டால் எந்த மாநிலத்துச் சட்டை அணிந்திருந்தாலும் எங்கள் இலாகாவின் வாசற்படி ஏற முடியாது. நாம் இதை வற்புறுத்திச் சொன்னோம்.

வலைப் பெரியவரிடமும் பொழியூரிலேயே இக்கேள்வியைக் கேட்டிருந்தோம். அவர் பையனை எழுந்து நிற்கச் சொல்லி, கணுக்காலைப் பிடித்துப் பார்த்து, இரண்டு முறை பந்தை ஏந்திக்காட்டச் சொன்னார். பிறகு நம் பக்கம் திரும்பி, “சாரே, இவனெ ரெண்டு வேனல் மணலில் ஓட விடுங்கோ. ஸ்டேட்டு பின்னே பார்க்கலாம். இடது காலு ஒண்ணுக்கும் ஆகாது” என்றார். பையனின் முகம் சிறுத்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம் அவன் பஸ் நிற்கும் இடங்களில் ஒரு கொட்டாங்குச்சியை இடதுகாலால் உதைத்துக்கொண்டே வந்தான்.

குழித்துறையில் ஆச்சி வீட்டில் காபி சாப்பிட்டு, மாலைப் பாஸஞ்சரில் பாறசாலை வந்து இறங்கினோம். பையன் இங்குள்ள பள்ளியிலேயே பத்தாம் வகுப்பு முடிக்கட்டும், விடுமுறையில் பொழியூர் மணலில் பழகட்டும் என்று தந்தையார் முடிவு செய்திருக்கிறார். காலை ஆறரை மணிக்கெல்லாம் கடற்கரையில் நிற்கவேண்டுமாம். நம் ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்தாலும் நெய்யாற்றின்கரையில் மாறி அந்நேரத்துக்குப் போய்ச் சேர இயலாது. ஆகவே ஏப்ரல், மே இரண்டு மாதமும் பூவாறில் இஸ்திரிக் கடை நடத்தும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பையன் தங்குவதாக ஏற்பாடாகியிருக்கிறது. அக்குடும்பத்தை நமக்குத் தேடித் தந்தவர் நம் சங்கத்தின் காரியதரிசி. அவ்வீட்டிலும் பந்து உதைக்கும் ஒரு சிறுமி இருக்கிறாளாம். அவளுக்கு வயது பன்னிரண்டு.